மூளைக்குத் தனியாக எரிபொருள் கொடுத்தால் தம்பி எழும்புவானா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். ஒட்டுசுட்டான் பக்கம் இரவில் லைட் இல்லாமல் நின்ற உழவு இயந்திரப் பெட்டியில் மோட்டார் சைக்கிள் மோதி, உங்களுடைய 26 வயதுத் தம்பி ஆறு நாளாக ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் கிடக்கிறார். கனடாவில் இருக்கும் சித்தி ஒரு கட்டுரை அனுப்பியிருக்கிறார்: அடிபட்ட மூளை பட்டினியில் சாகிறது, லாக்டேட் (குளுக்கோஸ் உடையும்போது வருவது), கீட்டோன் (கொழுப்பு உடையும்போது வருவது) என்று வேறு எரிபொருள் கொடுத்தால் தப்பும் என்று. கீட்டோன் பவுடர் பார்சல் போடவும் அவர் தயார். பெரியம்மா தேங்காயெண்ணெயை மூக்குக் குழாயால் விடச் சொல்கிறார். வார்டு டொக்டரிடம் கேட்டதற்கு "அதெல்லாம் தேவையில்லை" என்று ஒரு வரியோடு முடித்துவிட்டார். இதில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. கொழும்பிலோ ரொறொன்ரோவிலோ கொடுக்கிற ஏதோ ஒன்று, வன்னியில் கிடக்கிறபடியால் தம்பிக்குக் கிடைக்காமல் போகிறதா என்பதுதான் அது.

அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். எரிபொருள் விஷயத்தில் இல்லை. கடுமையான மூளைக்காயத்துக்கு லாக்டேட்டோ கீட்டோனோ வழமையான சிகிச்சையாக எங்கும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. ரொறொன்ரோவில் கிடந்தாலும் ஆராய்ச்சியில் சேர்த்தால் ஒழிய அவருக்கு அது கிடைத்திருக்காது. நான் மயக்க மருந்துப் பிரிவிலும் ஐ.சி.யூ.விலும் வேலை செய்கிறவன், பல வருடம் வன்னிப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில். தம்பியின் ஸ்கானை நான் பார்க்கவில்லை, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்றும் தெரியாது, ஆகவே அவர் எழும்புவாரா என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். எரிபொருள் பற்றி மட்டும், எது உறுதி, எது இன்னும் இழுபறி என்று சொல்கிறேன்.

சித்தியின் கட்டுரை பொய் சொல்லவில்லை. மூளை உடம்பு எடையில் ஏறத்தாழ 2%தான், சும்மா படுத்திருக்கும்போதும் உடம்பின் சக்தியில் ஏறத்தாழ 20% அதற்குப் போகிறது. மிச்சம் வைத்துக்கொள்ளும் பழக்கமும் அதற்கு இல்லை, இரத்தத்தில் வருவதை அப்போதைக்கு அப்போதே எரிக்கிறது. பலமாக அடிபட்டதும் கலங்களுக்குள் சோடியமும் கல்சியமும் உள்ளே பாய, பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது. அதைத் திரும்ப ஒழுங்குபடுத்துகிற பம்புகளுக்கு ஏகப்பட்ட சக்தி வேண்டும். அதனால் முதல் நாட்களில் மூளை குளுக்கோஸை அள்ளி விழுங்குகிறது. பெரும்பாலும் சில நாளில் அது தலைகீழாகி, குளுக்கோஸ் எரிவது நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் மந்தமாகிவிடுகிறது. இவ்வளவும் உறுதி.

சிக்கல் அடுத்த படியில். பட்டினிக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, இரத்தமும் ஒட்சிசனும் போய்ச் சேரவில்லை: வீக்கத்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம், இரத்த அழுத்தம் விழுந்திருக்கலாம். மற்றது, எல்லாம் போய்ச் சேர்ந்தும் கலத்துக்குள் எரிக்கிற இடம், பள்ளிக்கூடத்தில் இழைமணி என்று படித்தோமே, மைட்டோகாண்ட்ரியா, அது கல்சியம் ஏறிப் பழுதாகிக் கிடக்கிறது. 90களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் மோட்டார் சைக்கிள் ஓடின ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். துளிப் பெற்றோலைப் பீச்சி ஸ்டார்ட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடினார்கள், புகை கக்கிக்கொண்டென்றாலும் ஓடியது, ஏனென்றால் என்ஜின் நல்லாயிருந்தது. பிஸ்டன் இறுகின என்ஜினுக்கு என்ன எண்ணெய் ஊற்றினாலும் ஓடாது. அடிபட்ட மூளையில் ஒரு பகுதி முதல் வகை, ஒரு பகுதி இரண்டாம் வகை, இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும், ஒரே ஆளில் இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று மாறவும் செய்யும். மாற்று எரிபொருள் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

லாக்டேட்டுக்கு வருவோம், இந்தப் பட்டியலில் கொஞ்சமாவது நம்பிக்கை தருவது அதுதான். முன்பு லாக்டேட் என்றால் கழிவு, ஒட்சிசன் போதாததால் வரும் நஞ்சு என்று படிப்பித்தார்கள். ஜோர்ஜ் புரூக்ஸ் போன்ற ஆராய்ச்சியாளர்களின் வேலைக்குப் பிறகு அது ஒரு எரிபொருளும்தான் என்று ஏற்றுக்கொண்டாயிற்று. 1994இல் பெலரன், மஜிஸ்ட்ரெட்டி என்ற இருவர், மூளையின் துணைக் கலங்கள் லாக்டேட்டைச் செய்து நரம்புக் கலங்களுக்குக் கொடுக்கின்றன என்ற கருத்தை வைத்தார்கள். அது எவ்வளவு தூரம் சரி என்று இன்றைக்கும் சண்டைதான், ஆனால் அடிபட்ட மனித மூளை இரத்தத்திலிருந்து லாக்டேட்டை எடுத்து எரிக்கிறது என்பது அளந்து பார்த்த விஷயம். பிரான்சில் இஷாய் என்பவரின் குழு, மண்டைக்குள் அழுத்தம் ஏறும்போது வழமையாகக் கொடுக்கும் மனிற்றோல் என்ற மருந்துக்குப் பதிலாகச் செறிவான சோடியம் லாக்டேட்டைக் கொடுத்துப் பார்த்து 2009இல் எழுதியது. 34 நோயாளிகள், லாக்டேட் அழுத்தத்தை நன்றாகவே குறைத்தது. 2013இல் 60 பேரில், முன்கூட்டியே 48 மணித்தியாலம் ஏற்றியபோது அழுத்தம் ஏறும் தடவைகள் குறைந்தன. சுவிற்சர்லாந்தின் லோசானில் 15 பேருக்கு மூன்று மணித்தியாலம் ஏற்றி, மூளைக்குள் செருகிய மெல்லிய குழாயால் அளந்தபோது, மூளையில் குளுக்கோஸ் கூடியதையும் கேடு செய்யும் குளுட்டமேட் குறைந்ததையும் 2014இல் காட்டினார்கள்.

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. இப்போது ஆட்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்: 34, 60, 15. இவை "செய்து பார்க்கலாம்" என்று சொல்லப் போதும், "செய்ய வேண்டும்" என்று சொல்லப் போதாது. அழுத்தம் குறைவதும் அளவுகள் திருந்துவதும் ஒன்று, ஆள் எழும்பி நடப்பது வேறொன்று. இரண்டாவதை இவை நிரூபிக்கவில்லை. அதோடு, செறிவான சோடியம் லாக்டேட்டில் லாக்டேட் எவ்வளவோ சோடியமும் அவ்வளவு. வீங்கிய மூளையிலிருந்து தண்ணீரை இழுக்கும் வேலையைச் சோடியமே செய்யும், அதற்காகத்தானே செறிவான உப்புச் சேலைனை எல்லா இடத்திலும் கொடுக்கிறார்கள். ஆக, பலன் வந்தால் அது எரிபொருளால் வந்ததா உப்பால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். என்னுடைய கணிப்பு, பெரும் பங்கு உப்பு என்பதுதான். இதில் என்னோடு ஒத்துக்கொள்ளாத நல்ல டொக்டர்மாரும் இருக்கிறார்கள்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வார்டில் ஹார்ட்மன் என்றும் ரிங்கர் லாக்டேட் என்றும் ஒரு சேலைன் போத்தல் தொங்கும். அதிலும் லாக்டேட் என்றுதானே எழுதியிருக்கிறது, அதைக் கூட்டி ஏற்றச் சொல்லலாமா என்று யாராவது கேட்பார்கள், கேட்டும் இருக்கிறார்கள். அதில் லிட்டருக்கு 28, 29 மில்லிமோல் லாக்டேட்தான். ஆராய்ச்சியில் கொடுத்தது லிட்டருக்கு ஏறத்தாழ 500. அதைவிட முக்கியம், ஹார்ட்மன் இரத்தத்தைவிடக் கொஞ்சம் நீர்த்தது, நிறைய ஏற்றினால் மூளை வீக்கம் கூடலாம். ஆகவே தலைக்காயத்துக்குச் சாதாரண உப்புச் சேலைனையே விரும்புகிறோம். குளுக்கோஸ் சேலைனும் அப்படித்தான். "ஆளுக்குச் சத்தே இல்லை, ஒரு குளுக்கோஸாவது ஏத்துங்கோ டொக்டர்" என்று வாசலில் நின்று கெஞ்சுவார்கள். 5% குளுக்கோஸில் குளுக்கோஸை உடம்பு எரித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தண்ணீர், அந்தத் தண்ணீர் நேரே வீக்கத்துக்குப் போகும். அதை மறுக்கிற டொக்டர் கஞ்சத்தனத்தில் மறுக்கவில்லை.

சக்சினேட் என்று இன்னொன்று இருக்கிறது, சித்தியின் கட்டுரையில் அதுவும் இருந்திருக்கும். இழைமணியில் பழுதான முதற்படியைத் தவிர்த்து அடுத்த படியில் நுழைகிற எரிபொருள் என்பதால் கேம்பிரிட்ஜில் அதை முயன்றார்கள், சில நோயாளிகளில் அளவுகள் திருந்தின. கொடுத்தது மூளைக்குள் செருகிய குழாயால், அந்தக் குழாய் நுனியைச் சுற்றியுள்ள சின்னப் பகுதிக்கு மட்டும். கடையில் வாங்கி வாயால் கொடுக்கிற சங்கதி இல்லை.

கீட்டோன். மூளை கீட்டோனில் ஓடும் என்பது 1967இலிருந்து தெரியும்: வாரக்கணக்கில் உண்ணாமல் இருந்தவர்களின் மூளையில் குளுக்கோஸைவிடக் கீட்டோன்தான் கூட எரிந்ததை ஓவன், காஹில் குழுவினர் அளந்து காட்டினார்கள். வலிப்புள்ள பிள்ளைகளுக்குக் கீட்டோன் உணவு கொடுக்கிறோம், அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. தலைக்காயத்தில் நிலைமை அப்படி இல்லை. கலிபோர்னியாவில் எலிகளில் செய்த வேலையில் இளம் எலிகளுக்குக் காயத்தின் அளவு குறைந்தது, வளர்ந்த எலிகளுக்கு அந்தப் பலன் வரவில்லை. கீட்டோனை உள்ளே எடுக்கும் வாசல்கள் இளம் மூளையில் அதிகம் என்பது ஒரு விளக்கம். மனிதரில் இருப்பவை, கொடுத்துச் சமாளிக்க முடியுமா என்று பார்த்த சிறு முயற்சிகள். உங்கள் தம்பிக்கு 26 வயது, எலிக் கணக்கை அவருக்குப் போட முடியாது. பார்சல் பவுடரில் பெரும்பாலும் கீட்டோன் சோடியத்தோடோ பொட்டாசியத்தோடோ கல்சியத்தோடோ உப்பாகச் சேர்ந்திருக்கும். ஐ.சி.யூ.வில் சோடியத்தை இரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்து ஒரு அளவுக்குள் பிடித்து வைத்திருக்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் ஒரு கரண்டி கரைத்து விட்டால் அடுத்த இரத்த அறிக்கை ஏன் மாறியது என்று தெரியாமல் அவர்கள் மருந்தை மாற்றுவார்கள், அதிலிருந்து பிழை தொடங்கும்.

தேங்காயெண்ணெய்க்குப் பெரியம்மா சொன்னதில் ஒரு பொட்டு உண்மை இருக்கிறது. கீட்டோனாக வேகமாக மாறுவது எட்டு, பத்துக் காபன் உள்ள கொழுப்பமிலங்கள். தேங்காயெண்ணெயில் அவை இரண்டும் சேர்ந்தே ஏறத்தாழ 15%க்குள்தான். பாதிக்குக் கிட்ட இருப்பது லோரிக் அமிலம், அது அவ்வளவு இலேசாகக் கீட்டோன் ஆகாது. ஒரு பிடி எண்ணெய் விட்டாலும் இரத்தத்தில் கீட்டோன் பெரிதாக ஏறாது, ஆனால் குழாயில் படியும், வயிறு ஏற்காமல் மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் எண்ணெய் நிமோனியா வரும். ஒரு தடவை ஒரு நோயாளியின் ஆட்கள், மகனுக்குப் பலம் வரட்டும் என்று உழுத்தங்களியைத் தண்ணியாகக் கரைத்து, நர்ஸ் அடுத்த கட்டிலுக்குத் திரும்பின நேரம் சிரிஞ்சில் எடுத்துக் குழாயால் விட்டுவிட்டார்கள். கட்டில் தலைப்பக்கம் உயர்த்தியும் இருக்கவில்லை. குழாய் அடைத்து, அதை இழுத்து வேறு போடவேண்டி வந்தது, போடும்போது ஆள் இருமி மண்டைக்குள் அழுத்தம் ஏறியது. அவர்கள் செய்தது பாசத்தில். இளநீரும் அப்படித்தான், பொட்டாசியம் நிறைய, சிறுநீரகம் கொஞ்சம் சோர்ந்திருக்கிற ஆளுக்கு இதயத்தைக் குழப்பும். எதைக் கொடுக்க ஆசைப்பட்டாலும் போத்தலை நர்ஸின் கையில் கொடுத்துக் கேளுங்கள்.

சரி, அப்படியென்றால் எரிபொருள் விஷயத்தில் ஒன்றும் செய்ய இல்லையா? இருக்கிறது, அதன் பெயர் சாப்பாடு. இந்தப் பவுடர்களைப் பற்றி எழுதுகிற ஆட்கள் இதை எழுதுவதில்லை, விற்க ஒன்றும் இல்லாததாலோ என்னவோ. கடுமையான தலைக்காயத்தில் படுக்கையில் அசையாமல் கிடக்கிற ஆளின் உடம்பும் வழமையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எரிக்கும், தசையைக் கரைத்து எரிக்கும். நியூயோர்க்கில் 22 ஆஸ்பத்திரிகளில் 797 பேரைப் பார்த்து 2008இல் எழுதினார்கள்: 5 நாளுக்குள் உணவு தொடங்காதவர்களில் இறப்பதற்கான வாய்ப்பு இரண்டு மடங்கு, 7 நாள் ஆகியும் தொடங்காதவர்களில் நான்கு மடங்கு. இதிலும் ஒரு கொக்கி உண்டு. மிகவும் மோசமான ஆளுக்குத்தானே உணவு கொடுக்க முடியாமல் போகிறது, ஆகவே முழுப் பழியையும் பட்டினிமேல் போட ஏலாது. ஆனாலும் அமெரிக்க வழிகாட்டிகள் ஐந்தாம் நாளுக்குள், மிஞ்சினால் ஏழாம் நாளுக்குள் தேவையான அடிப்படை உணவு முழுவதையும் கொடுக்கும் நிலைக்கு வரச் சொல்கின்றன. நாங்கள் முடிந்தால் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் குழாயால் தொடங்குகிறோம். 60 கிலோ ஆள் என்றால் நாளுக்கு 1500 முதல் 1800 கலோரி, புரதம் 90 கிராமுக்குக் குறையாமல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பால் நிறத்தில் சிரிஞ்ச் பம்பில் ஓடுகிறதே, தூங்க வைக்கிற புரோப்போபோல், அதுவே கொழுப்பில் கரைத்த மருந்து. ஒரு மில்லிலிட்டரில் 1.1 கலோரி. மணிக்கு 15 மில்லி ஓடினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 400 கலோரி அதிலிருந்தே போகும். அதைக் கழித்துத்தான் சாப்பாட்டைக் கணக்குப் போடுவார்கள். "இவ்வளவு குறைவாக் கொடுக்கிறாங்கள்" என்று உங்களுக்குத் தோன்றினால் அந்த வெள்ளைச் சிரிஞ்சையும் பாருங்கள்.

சீனி அளவும் எரிபொருள் விஷயம்தான். தம்பிக்கு நீரிழிவு இல்லாவிட்டாலும் விரலில் குத்திப் பார்ப்பார்கள், இன்சுலினும் போடலாம், பயப்பட வேண்டாம். சீனி கூடினால் மூளைக்குக் கேடு, அதே நேரம் இறுக்கிப் பிடித்தாலும் கேடு. 2009இல் வந்த ஆறாயிரம் பேருக்கு மேற்பட்ட ஐ.சி.யூ. ஆய்வு ஒன்றில் இன்சுலினால் சீனியை மிக இறுக்கமாக வைத்தவர்களில் இறப்புக் கூடியது. அடிபட்ட மூளையில் குழாய் போட்டு அளந்தவர்களும், இரத்தச் சீனி சாதாரணம் போல இருக்கும்போதே மூளைக்குள் குளுக்கோஸ் வற்றிப் போவதைக் கண்டார்கள். ஆகவே இப்போது 180 மில்லிகிராமுக்குக் கீழே, ஆனால் மிகக் கீழே விடாமல் வைக்கிறோம். காய்ச்சல் ஒரு பாகை ஏறினால் எரிப்பு ஏறத்தாழ 10% கூடும், வலிப்பு வந்தால் சொல்லவே வேண்டாம். காய்ச்சலை இறக்குவதும் வலிப்பை அடக்குவதும் மூளைக்கு எரிபொருளை மிச்சப்படுத்துகிற வேலை. இரத்த அழுத்தமும் அப்படி: மேல் அளவு ஒரு தடவை 90க்குக் கீழே விழுந்தாலே முடிவு மோசமாகிறது என்பது பழைய பெரிய தரவுகளில் தெளிவாகத் தெரிந்த ஒன்று. தம்பியின் வயதுக்கு 110க்கு மேலே வைக்கச் சொல்கிறார்கள்.

டொக்டர் ஏன் ஒரு வரியில் முடித்தார் என்றும் கேட்டீர்கள். நேரமின்மை பாதி. மற்றப் பாதி, தலைக்காயத்தில் நம்பிப் போய் மோசம் போன கதைகள் எங்களுக்கு நிறைய. வீக்கம் வற்றும் என்று எத்தனையோ வருடம் ஸ்டெரொயிட் கொடுத்தார்கள். 2004இல் பத்தாயிரம் பேரில் சரியாகச் சோதித்தபோது, ஸ்டெரொயிட் கொடுத்தவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1%, கொடுக்காதவர்களில் 17.9%. மிருகங்களில் அபாரமாக வேலை செய்த புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹோர்மோன் 2014இல் இரண்டு பெரிய ஆய்வுகளில் தோற்றது. சிட்டிகோலின், மூளைக்கென்று இன்றைக்கும் ஃபார்மசியில் எழுதிக் கொடுக்கப்படுகிற மருந்து, 2012இல் 1213 பேரில் எந்தப் பலனும் காட்டவில்லை. அதற்கு நகையை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் அந்த நேரம் கேட்க நியாயமாக இருந்த விளக்கம் ஒன்று இருந்தது. இருந்தாலும், "இன்னும் நிரூபிக்கவில்லை, நிரூபித்தால் நாங்களே தேடிக் கொடுப்போம்" என்று அவர் இரண்டு வரி சொல்லியிருக்கலாம்தான்.

நாளைக்குப் பார்வையாளர் நேரத்தில் போய்க் கேட்கக் கூடியவை: குழாயால் சாப்பாடு தொடங்கியாயிற்றா, நாளுக்கு எவ்வளவு போகிறது, வயிறு ஏற்கிறதா, சோடியமும் சீனியும் எப்படி, நரம்பு அறுவைச் சிகிச்சை டொக்டர் ஸ்கானைப் பார்த்தாரா, யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ மாற்ற வேண்டிய தேவை இருக்கிறதா. கடைசிக் கேள்விதான் வன்னியில் கிடப்பதால் உண்மையில் வித்தியாசம் வரக்கூடிய இடம், எரிபொருள் அல்ல. அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், ஆனால் "இப்போது அசைத்தால் ஆபத்து" என்று சொன்னால் அதற்கும் காரணம் இருக்கும். இன்னொன்று, இது வன்னி ஆட்களுக்கு மட்டும் சொல்ல வேண்டியது: 2009இல் தம்பி சின்னப் பிள்ளை. அவருடைய தலையிலோ உடம்பிலோ ஷெல் துண்டு ஏதாவது தங்கியிருந்தால், எம்.ஆர்.ஐ. எடுக்கிற பேச்சு வரும் முன்பே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். சி.டி.க்குப் பிரச்சினை இல்லை, எம்.ஆர்.ஐ.யின் காந்தத்துக்கு உண்டு. மயங்கிக் கிடக்கிற ஆள் சொல்ல மாட்டார், பழைய கிளினிக் கொப்பியிலும் எழுதியிருக்காது.

சித்தியிடம் பவுடர் வேண்டாம் என்று சொல்லுங்கள், மனம் நோகாமல். அந்தக் காசை அவர் வைத்திருக்கட்டும். தம்பி வென்டிலேட்டரிலிருந்து வெளியே வந்தால் படுக்கைப் புண் வராமல் காற்று மெத்தை ஒன்று, மாதக்கணக்கில் பிசியோதெரபிக்குப் போய்வர வாகனக் கூலி, பேச்சும் விழுங்குவதும் பழக்குகிறவரிடம் கூட்டிப் போகும் செலவு, வேலைக்குப் போகாமல் ஒருவர் கூட இருப்பதற்கான வீட்டுச் செலவு என்று வரும். மருந்து ஆஸ்பத்திரியில் சும்மா கிடைக்கும், இவற்றுக்குத்தான் கையில் காசு வேண்டும்.